பதினெட்டு பவுண்டு

காட்பாடி மேம்பாலத்தில்
ஐப்பசி மழை ஓய்ந்த மறுநிமிடம்
ஸ்கூட்டரும் நானும் தனித்தனியே போனோம்.
அது ஜல்லி லாரியின் பக்கம்.
நான் என் வலது தோளின் மேல்.

தசைநாரைத் தைத்தார்கள்.
யாரிடமும் கைகட்டி நிற்காதவள் என்று
ஆபீசில் எனக்கொரு பெயர் உண்டு.
ஆறு வாரம் கைகட்டித்தான் நின்றேன்,
நீலத் துணித் தூளியில்.

அப்புறம் டிக்கெட் கவுன்ட்டர்.
வில் வாங்கித் தந்த நாற்காலி அது.
இடது கையால் சில்லறை நீட்டினால்
ஜோலார்பேட்டைக்குப் போகிறவர் முகம் சுளிக்கிறார்:
"காலங்காத்தால பீச்சாங்கையா?"
ஒவ்வொருவரிடமும் தோளைத் திறந்து காட்டவா முடியும்?

எப்சிபா என்னைவிடப் பத்து வயது சின்னவள்.
பிசியோதெரபி அறைச் சுவரில்
பென்சிலால் கோடு போடுவாள்.
என் விரல்கள் பல்லிபோல் ஏற வேண்டும்.
முதல் நாள் ஸ்விட்ச் போர்டு.
தை பிறந்தும் ஸ்விட்ச் போர்டு.
மாசிக் கடைசியில் காலண்டர் ஆணி.
"வலிக்குதாக்கா?"
"இல்லை."
"பொய்க்குப் பத்து தரம் கூட."

அந்த நாட்களில் எட்டாதவை:
முதுகுப் பக்கத்துக் கொக்கி,
பஸ்சின் மேல்கம்பி,
என் சொந்தப் பின்னல்.
மின்வாரியத்தில் கேபிள் முறுக்குகிற சுந்தரவதனன்தான்
காலையில் தலை பின்னிவிட்டான்.
பின்னலும் கேபிள் மாதிரியே இருந்தது.
மழைக்கும் தாங்கும் என்றான்.

வில் பீரோவுக்கு மேலே கிடந்தது.
அங்கே வைத்தவள் நான்தான்,
கை எட்டிய காலத்தில்.

ஆனி மாதம்.
விருதம்பட்டு மைதானம், தண்டவாளத்தை ஒட்டி.
முன்பு முப்பத்தெட்டு பவுண்டு இழுத்தவள்
தில்ஷாத்திடம் இரவல் வாங்கிய
பதினெட்டோடு நிற்கிறேன்.
பக்கத்தில் ஏழாம் வகுப்புப் பையன்
இருபத்திரண்டு இழுக்கிறான்.
என் வில்லைப் பார்த்தான்,
பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டான்.
நல்ல வளர்ப்பு.

ஐந்து மீட்டரில் ஒரு வைக்கோல் கட்டு.
வளையமில்லை, வண்ணமில்லை.
வைக்கோலைத் தவறவிடுவதற்கும்
ஒரு திறமை வேண்டும்.

இழுக்கிறேன்.
நாண் மூக்கைத் தொட வேண்டும்,
உதட்டைத் தொட வேண்டும்,
தாடைக்குக் கீழே வந்து உட்கார வேண்டும்.
பதினாறு வருஷம் தானாக வந்து உட்கார்ந்தது.
இன்று கடைசி இரண்டு அங்குலத்தில்
மேம்பாலம் இருந்தது.
ஈரத் தார், லாரியின் ஹார்ன்,
தோளுக்குள் ஏதோ கழன்ற அந்தச் சத்தம்.

மெல்ல இறக்கினேன்.
மறுபடி இழுத்தேன். இறக்கினேன்.
எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள்.
எய்யாமலே நிற்கிறவளை
யார் நோவது?

காம்பவுண்டு சுவரில் சாய்ந்திருந்த
ஆட்டோ கஜபதி குரல் கொடுத்தார்:
"இஸ்து வுடும்மா! இன்னாத்துக்கு யோசிச்சிகினு நிக்கற?"
அவருக்குத் தெரியாது,
விடுவதில் கனமே இல்லை என்று.
இழுத்ததை விடாமல்
திருப்பிக் கொண்டுவந்து வைக்கும்போதுதான்
பதினெட்டும் முப்பத்தெட்டாகும்.

நான்காம் முறை.
அரக்கோணம் பக்கமிருந்து ஒரு சரக்கு ரயில்.
தொழில் பழக்கம், பெட்டிகளை எண்ணத் தொடங்கினேன்:
பதினொன்று, பன்னிரண்டு,
நாண் உதட்டில்,
இருபது,
நாண் தாடையில்,
இருபத்தொன்றா இருபத்திரண்டா
என்று தடுமாறிய இடத்தில்
விரல்கள் திறந்திருந்தன.

எருமை மூச்சு விடுவதுபோல்
வைக்கோலில் சின்னதாய் ஒரு சத்தம்.
அவ்வளவுதான்.
மேம்பாலம் அங்கேயேதான் இருக்கிறது.
சாயங்காலம் அதன்மேல்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

"நான் எடுத்தாறேன்க்கா" என்று ஓடப்போன பையனை நிறுத்தினேன்.
எய்வதைவிடப் பிடுங்கத்தான் தோள் வலிக்கும்,
இதை எந்தப் பயிற்சியிலும் சொல்வதில்லை.
வலது கையால் இரண்டு தரம் முயன்றேன்.
பிறகு மாற்றிக்கொண்டேன்.

பீச்சாங்கையால் பிடுங்கினேன்.
வைக்கோல் முகம் சுளிக்கவில்லை.